ஜூன் அல்மெய்டா: வைரஸைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்

2020ஆம் ஆண்டு ஊரடங்கு மாதங்களில் ஜூன் அல்மெய்டா என்ற பெயர் திடீரென்று எங்கும் அடிபட்டது. பதினாறு வயதில் படிப்பை நிறுத்திய பேருந்து ஓட்டுநர் மகள் ஒருவர்தான் கொரோனா வைரஸைக் கண்டுபிடித்தார் என்ற ஒற்றை வரியாகச் சுருங்கி, அவருடைய வாழ்க்கை வாட்ஸ்அப்பில் சுற்றி வந்தது. அந்த வரி பெரிய பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. கோழிகளையும் எலிகளையும் தாக்கும் கொரோனா வைரஸ்கள் அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தன. மனிதரைத் தாக்கும் கொரோனா வைரஸை முதன்முதலில் கண்ணால் பார்த்துப் படமெடுத்தவர் அல்மெய்டா என்பதே சரி. ஆனால் என் குறை அந்தப் பிழையைப் பற்றியது அல்ல. மருத்துவ ஆய்வகத்தில் இரத்த மாதிரிகளோடு காலம் தள்ளும் எனக்கு, அவர் செய்தவற்றுள் கொரோனா முதலிடத்தில் நிற்கவில்லை. வைரஸையும் அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் ஒன்றாகச் சேர்த்து எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கும் முறையை அவர் செம்மைப்படுத்தி, பிறருக்கும் கற்றுக்கொடுத்ததே அவருடைய பெரிய பங்களிப்பு என்று நான் நினைக்கிறேன். கொரோனா, ரூபெல்லா, ஹெப்படைடிஸ் பி என்று அவர் பெயரோடு சேர்ந்து வரும் வைரஸ்கள் எல்லாம் அந்தக் கைத்திறனும் கண்பழக்கமும் தந்த விளைச்சல்கள்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1930 அக்டோபர் 5ஆம் தேதி ஜூன் ஹார்ட்டாகப் பிறந்தார். தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. அவருடைய தம்பி 1940இல், ஆறு வயதில், தொண்டை அடைப்பான் நோயால் இறந்துபோனான். பிரிட்டனில் அந்நோய்க்கான நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் வேகம் பிடித்ததே அந்தப் பத்தாண்டில்தான். தம்பியின் சாவுதான் அவரைத் தொற்றுநோய் ஆராய்ச்சிக்குத் திருப்பியது என்று எழுதுபவர்கள் உண்டு. கதைக்கு அது அழகாகப் பொருந்தினாலும், அவர் ஆய்வகத்துக்குள் நுழைந்த காரணம் இன்னும் எளியது. ஒயிட்ஹில் பள்ளியில் அறிவியலுக்குப் பரிசு வாங்கிய மாணவி அவர்; பல்கலைக்கழகத்தில் சேர ஆசையும் இருந்தது; வீட்டில் பணம் இல்லை. ஆகவே 1947இல் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையின் திசு நோயியல் பிரிவில், வாரம் 25 ஷில்லிங் சம்பளத்தில், ஆய்வக நுட்புநராகச் சேர்ந்தார்.

வாழ்க்கைக் குறிப்புகள் இந்தக் கட்டத்தை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. எனக்கு அப்படிக் கடக்க மனம் வரவில்லை. அறுவை அரங்கிலிருந்து வரும் திசுவை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்துக்குச் சீவி, சுருங்காமல் கிழியாமல் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, சாயமிட்டு, நோயியல் மருத்துவரின் மேசைக்கு அனுப்புவதுதான் அந்த வேலை. நாள் முழுக்க அதையே செய்பவருக்குப் புத்தகம் கற்றுத்தராத ஒன்று வசப்படும். நுண்ணோக்கியில் தெரியும் ஒரு வடிவம் உண்மையிலேயே திசுவில் இருந்ததா, சாயமிடும்போது நேர்ந்த கோளாறா, கத்தி விட்டுச் சென்ற கீறலா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியும் பழக்கம் அது. பின்னாளில் அல்மெய்டாவின் கண்ணை வியந்தவர்கள் எல்லாரும் வியந்தது இந்தப் பழக்கத்தைத்தான்.

அங்கிருந்து லண்டனின் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனைக்கு மாறினார். 1954இல் வெனிசுவேலா நாட்டு ஓவியர் என்ரிக்கே அல்மெய்டாவை மணந்துகொண்டார். இருவரும் கனடாவுக்குக் குடிபெயர, 1956இல் டொரோன்டோவின் ஒன்டாரியோ புற்றுநோய் நிறுவனத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கி இயக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. பட்டம் இல்லாதவர் ஆய்வுக் கட்டுரையில் பெயர் போட்டுக்கொள்வது அன்றைய பிரிட்டனில் எளிதாக நடக்கக்கூடியது அல்ல. கனடாவில் அந்தச் சுவர் அவ்வளவு உயரமாக இல்லை. வைரஸ்களின் உருவமைப்பைப் பற்றி அவர் பெயரோடு கட்டுரைகள் வரத் தொடங்கியது டொரோன்டோவில்தான்.

அந்தக் கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொன்னால்தான் அவர் செய்தது என்னவென்று விளங்கும். சாதாரண ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கு (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைவான பொருளைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட முடியாது. பெரும்பாலான வைரஸ்கள் அதைவிடச் சிறியவை. ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான்களைப் பாய்ச்சினால் அந்த எல்லையைத் தாண்டலாம் என்பது 1930களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் வைரஸ் புரதம், கொழுப்பு போன்ற இலேசான பொருள்களால் ஆனது. எலக்ட்ரான்கள் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் ஊடுருவிச் சென்றுவிடுவதால் படத்தில் மங்கலான நிழல்தான் மிஞ்சும். 1959இல் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரும் ராபர்ட் ஹார்னும் இதற்கு ஓர் எளிய வழியை வெளியிட்டார்கள். வைரஸுக்குச் சாயம் ஏற்ற முயலாமல், அதைச் சுற்றியுள்ள இடத்தைக் கன உலோகமான டங்ஸ்டனின் உப்பால் நிரப்புவதே அந்த வழி. மழை பெய்து ஓய்ந்த தெருவிலிருந்து ஒரு காரை எடுத்த பிறகு, அது நின்ற இடம் மட்டும் காய்ந்து வெளுப்பாகத் தெரிவதைப் போல, கரிய பின்னணியில் வைரஸ் வெளிறிய உருவமாகத் துலங்கும். எதிர்மறைச் சாயமேற்றல் என்று இதற்குப் பெயர்.

செய்முறை சில நிமிட வேலைதான். மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டச் செப்பு வலை ஒன்றின் மேல் மெல்லிய கரிப்படலம் பூசியிருக்கும். அதை இடுக்கியின் நுனியில் பிடித்து, மாதிரியில் ஒரு சொட்டு, பிறகு பாஸ்போடங்ஸ்டிக் அமிலக் கரைசலில் ஒரு சொட்டு வைத்து, மிஞ்சிய ஈரத்தை வடிதாளின் ஓரத்தால் உறிஞ்சி எடுத்துவிட்டு, காய்ந்ததும் கருவியின் வெற்றிடக் குழாய்க்குள் செலுத்த வேண்டும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கும். இருட்டறையில் பச்சையாக ஒளிரும் திரையை உற்றுப் பார்த்தபடி, பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிய அந்தச் செப்பு வலையைச் சதுரம் சதுரமாகத் தேடிக்கொண்டு போக வேண்டும். மாதிரியில் வைரஸ் மட்டும் இருப்பதில்லை. உடைந்த செல்களின் சவ்வுகள், புரதக் கட்டிகள், உப்புப் படிவுகள் எல்லாம் இருக்கும். அவற்றில் பல உருண்டையாக, வைரஸ் போலவே தோற்றமளிக்கும். வைரஸ் எண்ணிக்கை குறைவாக இருந்தால் மணிக்கணக்கில் தேடினாலும் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். அதனால் வைரஸைத் தூய்மைப்படுத்தி அடர்த்தியாக்காமல் நுண்ணோக்கிக்குக் கொண்டுவருவதில் பயனில்லை என்பதே அன்றைய பொதுக்கருத்து.

இந்த இடத்தில்தான் எதிர்ப்பொருள் உதவிக்கு வருகிறது. ஒரு நோயிலிருந்து மீண்டவரின் சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், அந்த நோயை உண்டாக்கிய வைரஸைக் குறிவைத்துப் பற்றும் எதிர்ப்பொருள்கள் இருக்கும். ஒவ்வோர் எதிர்ப்பொருளுக்கும் பற்றிக்கொள்ள இரண்டு கைகள் உண்டு. ஒரு கையால் ஒரு வைரஸையும் மறு கையால் இன்னொன்றையும் பிடித்தால், சிதறிக் கிடந்தவை கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிடும். புகையிலையைத் தாக்கும் வைரஸில் இப்படி நடப்பதை 1941லேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எனவே எண்ணம் அல்மெய்டாவுக்குச் சொந்தம் அல்ல. அன்றைக்கு எதிர்மறைச் சாயமேற்றல் இல்லாததால் அதை வைத்து நுணுக்கமாக எதையும் பார்க்க முடியவில்லை. டொரோன்டோவில் பெர்னார்ட் சினேடர், ஆலன் ஹவட்சன் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு முறைகளும் கைகோத்தன. வைரஸின் மேல் எதிர்ப்பொருள் எப்படி ஒட்டிக்கொள்கிறது, இரண்டு துகள்களுக்கு இடையே அது எப்படிப் பாலம் போடுகிறது என்பவற்றை அந்தப் படங்களில் நேரடியாகக் காண முடிந்தது.

ஒரே கல்லில் மூன்று மாங்காய் என்று இதைச் சொல்லலாம். அரிதாகக் கிடந்த வைரஸ்கள் ஓரிடத்தில் திரள்வதால் கண்ணில் படும் வாய்ப்பு கூடுகிறது. குறிப்பிட்ட நோயாளியின் சீரத்தோடு சேரும் துகள்கள் மட்டுமே பஞ்சு படர்ந்ததுபோல் எதிர்ப்பொருள் போர்த்திக்கொண்டு நிற்பதால், அவைதான் வைரஸ், மற்றவை குப்பை என்பது உறுதியாகிறது. நோய் வருவதற்கு முன் எடுத்த சீரத்தோடு திரளாத துகள், நோய் தீர்ந்தபின் எடுத்த சீரத்தோடு திரண்டால், அந்த நோய்க்கு அந்தத் துகளே காரணம் என்பதற்கு வலுவான சான்றும் கிடைத்துவிடுகிறது. செல்களில் வளர்க்க முடியாத வைரஸ்களைப் பிடிக்க அன்று இதைவிட நல்ல வழி இருக்கவில்லை.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவப் பள்ளியின் வைரஸ் இயல் பேராசிரியர் ஏ. பி. வாட்டர்சன் டொரோன்டோவில் அல்மெய்டாவைச் சந்தித்து, தம்மோடு வேலை செய்ய 1964இல் லண்டனுக்கு அழைத்துவந்தார். கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டியிருந்த மகளோடு அல்மெய்டா பிரிட்டன் திரும்பினார். பின்னர் வாட்டர்சன் ஹேமர்ஸ்மித்திலுள்ள ராயல் பட்டமேற்படிப்பு மருத்துவப் பள்ளிக்கு மாறியபோது அவரும் உடன் சென்றார். கல்லூரியில் கால் வைக்காத அவருக்கு, வெளியிட்ட ஆய்வுகளின் அடிப்படையிலேயே 1971இல் லண்டன் பல்கலைக்கழகம் டி.எஸ்சி. பட்டம் வழங்கியது. முனைவர் பட்டத்துக்கும் மேலானதாகக் கருதப்படும் பட்டம் அது.

இனி, எல்லாருக்கும் தெரிந்த அந்தக் கொரோனா விவகாரம். இங்கிலாந்தின் சாலிஸ்பரியில், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர்கள் அமைத்த மருத்துவமனைக் கொட்டகைகளில் 1946 முதல் சளி ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கிவந்தது. விளம்பரத்தைப் பார்த்து வரும் தன்னார்வலர்கள் பத்து நாள் அங்கே தங்குவார்கள். உணவும் உறைவிடமும் இலவசம், பதிலுக்கு மூக்கில் சொட்டு மருந்துபோல் விடப்படும் சளி மாதிரியை ஏற்றுக்கொள்ள வேண்டும். புதுமணத் தம்பதியர்கூடச் செலவில்லாத விடுமுறையாக நினைத்து வந்தார்களாம். இதைப் படித்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் ஆய்வகத்தில் வளராத ஒரு வைரஸ் மாதிரியில் இருக்கிறதா என்பதைச் சோதிக்க, மனித மூக்கைத் தவிர வேறு கருவியே அந்த நிலையத்திடம் அப்போது இல்லை.

நிலையத்தின் டேவிட் டிரல் கையில் பி814 என்று எண்ணிட்ட மாதிரி ஒன்று இருந்தது. சர்ரே பகுதியிலுள்ள உறைவிடப் பள்ளி ஒன்றில், சளி பிடித்த ஒரு சிறுவனின் மூக்கைக் கழுவி 1960இல் எடுத்தது. தன்னார்வலர்களுக்கு அது சளியை உண்டாக்கியது. ஆனால் வழக்கமான செல் வளர்ப்புகள் எதிலும் வளர மறுத்தது. ஸ்வீடனிலிருந்து வந்த பெர்டில் ஹூர்ன், மூச்சுக்குழாய்த் திசுவின் துண்டை உயிரோடு வைத்து அதில் வைரஸை வளர்க்கும் உறுப்பு வளர்ப்பு முறையைக் கற்றுக்கொடுத்த பிறகே பி814 ஆய்வகத்தில் பிழைத்தது. 1965இல் டிரலும் சக ஆய்வாளர் பைனோவும் அதை வெளியிட்டார்கள். கொழுப்பைக் கரைக்கும் ஈதர் பட்டால் அது செயலிழந்தது. எனவே கொழுப்பு உறை கொண்ட வைரஸ் என்பது தெரிந்தது. அதன் தோற்றம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

வாட்டர்சன் வழியாக அல்மெய்டாவைப் பற்றிக் கேள்விப்பட்ட டிரலுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. உறுப்பு வளர்ப்பில் வைரஸின் அளவு மிகக் குறைவு, தூய்மைப்படுத்தவும் வழியில்லை. பார்த்துவிடலாம் என்று அல்மெய்டா உறுதியாகச் சொன்னதால், பி814உடன் சிகாகோவில் டோரதி ஹம்ரே பிரித்தெடுத்த 229இ என்ற வைரஸையும், சோதித்துப் பார்க்கும் நோக்கில் ஏற்கெனவே தோற்றம் தெரிந்த இன்ஃப்ளுயன்சா, ஹெர்பீஸ் வைரஸ்கள் வளர்ந்த மாதிரிகளையும் லண்டனுக்கு அனுப்பினார். அல்மெய்டா தெரிந்தவற்றைச் சரியாக இனங்கண்டார். தெரியாத இரண்டிலும் துகள்களைப் பார்த்துப் படமும் எடுத்தார். அதோடு, இவற்றைப் போன்றவற்றைத் தாம் முன்பே பார்த்திருப்பதாகவும் சொன்னார். கோழிகளுக்கு வரும் மூச்சுக்குழாய் அழற்சி வைரஸையும், எலிகளின் கல்லீரலைத் தாக்கும் வைரஸையும் அவர் முன்பு படமெடுத்து எழுதிய கட்டுரையை, இவை இன்ஃப்ளுயன்சா வைரஸின் மோசமான படங்கள் என்று சொல்லி ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அந்த மதிப்பீட்டாளர்களை எளிதில் கேலி செய்துவிடலாம். ஆனால் இன்ஃப்ளுயன்சாவும் இவையும் ஏறத்தாழ ஒரே அளவு, இரண்டுக்கும் உறை உண்டு, உறையின் மேல் வெளியே துருத்தி நிற்கும் நீட்சிகளும் உண்டு. அவசரத்தில் பார்த்தால் வேறுபாடு தெரியாது. அல்மெய்டா பார்த்தது அந்த நீட்சிகளின் நுனியை. இன்ஃப்ளுயன்சாவில் அவை மெலிந்து, நெருங்கி, முள்போல் நிற்கும். இவற்றிலோ ஒவ்வொன்றும் அடியில் குறுகி நுனியில் அகன்று, பூவிதழ்போல் உருண்டிருந்தது. ஒன்றுக்கொன்று இடைவெளியும் கூடுதலாக இருந்தது. மனிதர், கோழி, எலி என்று மூன்று வேறு இடங்களிலிருந்து வந்த மாதிரிகளில் அதே நுனி திரும்பத் திரும்பத் தெரிந்தபோது, இவை ஒரே குடும்பம் என்று சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. அல்மெய்டாவும் டிரலும் 1967இல் மனித வைரஸ்களின் படங்களை வெளியிட்டார்கள். 1968 நவம்பரில் நேச்சர் இதழில் எட்டு ஆராய்ச்சியாளர்கள் கையெழுத்திட்ட குறிப்பு, அந்தக் குடும்பத்துக்குக் கொரோனா வைரஸ்கள் என்ற பெயரை முன்மொழிந்தது. அதில் அகரவரிசைப்படி முதல் பெயர் அல்மெய்டாவுடையது. பி814 பிற்காலத்தில் தொலைந்துபோய்விட்டதால், இன்றைக்கு அறியப்பட்ட மனிதக் கொரோனா வைரஸ்களில் அது எதற்கு நெருக்கமானது என்று சரிபார்க்க வழியில்லை. சாதாரண சளிக்குத்தானே காரணம் என்று அந்தக் குடும்பத்தை மருத்துவ உலகமும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓரமாக வைத்திருந்தது.

அதே 1967இல் ஜெனிஃபர் பெஸ்ட், ஜங்கு பனட்வாலா, வாட்டர்சன் ஆகியோருடன் சேர்ந்து ரூபெல்லா வைரஸின் உருவத்தையும் அவர் வெளிக்கொண்டுவந்தார். கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றையும் பாதிக்கும் நோய் இது. ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941லேயே இந்தத் தொடர்பைச் சுட்டிக்காட்டியிருந்தார். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடத் தொடங்கியபோது, அதைச் சுற்றிக் கிளம்பிய வதந்திகளுக்கு இடையே, ரூபெல்லா என்றால் என்ன என்று பெற்றோருக்கு விளக்குவதே பெரும்பாடாக இருந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

ஆனால் அல்மெய்டாவின் முறை தன் முழு வலிமையைக் காட்டியது ஹெப்படைடிஸ் பி ஆய்வில்தான் என்பேன். 1960களின் நடுவில் பரூக் புளும்பெர்க், ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் இரத்தத்தில் புதிய ஆன்டிஜென் (எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் பொருள்) ஒன்றைக் கண்டறிந்திருந்தார். மஞ்சள் காமாலையோடு அதற்குத் தொடர்பு இருப்பது பின்னரே தெரிந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் அது 22 நானோமீட்டர் அளவுள்ள சிறு உருண்டைகளாகவும் குழல்களாகவும் தெரிந்தது. வைரஸ் என்று நம்புவதற்கு அவை மிகச் சிறியவை. உள்ளே மரபுப்பொருளும் இல்லை. அல்மெய்டாவும் வாட்டர்சனும் 1969இல், நோயின் அறிகுறியே இல்லாதவரின் இரத்தத்தில் அந்த உருண்டைகள் தனித்தனியாக இருப்பதையும், கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களிடம் அவை எதிர்ப்பொருளோடு பிணைந்து திரண்டிருப்பதையும் காட்டினார்கள். கல்லீரலைக் கெடுப்பதில் வைரஸைவிட, அதை எதிர்க்கும் நம் உடலின் செயலுக்கே பெரும்பங்கு இருக்கலாம் என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. இன்று பாடநூல்களில் இருக்கும் கருத்து அது.

1970இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் டேவிட் டேன், அதே இரத்தத்தில் 42 நானோமீட்டர் அளவுள்ள, இரட்டை ஓடு கொண்ட பெரிய துகளைக் கண்டார். இதுதான் முழு வைரஸா என்று பலரும் விவாதித்துக்கொண்டிருந்த வேளையில், அல்மெய்டா அந்தத் துகளின் வெளியோட்டைக் கரைக்கும் சலவைப் பொருளை மாதிரியில் சேர்த்துப் பார்த்தார். உள்ளேயிருந்து 27 நானோமீட்டர் அளவில் உருண்டையான உட்கரு வெளிப்பட்டது. நோயிலிருந்து மீண்டவரின் சீரத்தைச் சேர்த்தபோது அந்த உட்கருக்கள் திரண்டன. வெளியோட்டுக்கான எதிர்ப்பொருள் அவற்றைத் தொடவே இல்லை. அதாவது இந்த வைரஸுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என முற்றிலும் வேறான இரண்டு ஆன்டிஜென்கள் இருக்கின்றன. உடலும் இரண்டுக்கும் தனித்தனியாக எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. ரூபன்ஸ்டைன், ஸ்டாட் ஆகியோருடன் 1971இல் லான்செட் மருத்துவ இதழில் அவர் இதை வெளியிட்டார்.

ஆய்வக அறிக்கைகளில் ஆன்டி எச்பிசி (உட்கருவுக்கான எதிர்ப்பொருள்) என்று ஒரு வரி வருமே, அதன் பிறப்பு இந்தக் கட்டுரையில்தான். வெளியோட்டிலுள்ள மேற்பரப்பு ஆன்டிஜென் இரத்தத்திலிருந்து மறைந்துவிட்டு, அதற்கான எதிர்ப்பொருள் இன்னும் தலைகாட்டாத இடைவெளிக் காலம் ஒன்று இந்நோயில் உண்டு. அப்போது அந்த இரண்டு சோதனைகளும் கையை விரித்துவிட, உட்கருவுக்கான எதிர்ப்பொருள் தொற்றைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்க இரத்த வங்கிகள் கொடையாளர்களிடம் இதையும் சோதிக்கின்றன. இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டிருப்பது மேற்பரப்பு ஆன்டிஜென் சோதனை மட்டுமே. இங்கு ஒருமுறையாவது இந்தத் தொற்று வந்துபோனவர்கள் கணிசமானவர்கள் என்பதால், உட்கரு எதிர்ப்பொருள் இருப்பவர்களை எல்லாம் ஒதுக்கினால் கொடையாளர்களுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும் என்ற வாதம் இதற்குச் சொல்லப்படுகிறது. அந்த வாதம் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

தம் கையில் இருந்த வித்தையை அவர் ஒளித்துவைக்கவில்லை. அவரிடம் கற்றவர்களில் அமெரிக்காவின் ஆல்பர்ட் கபிக்கியனும் ஒருவர். ஒஹையோ மாநிலத்தின் நார்வாக் நகரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் 1968இல் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவியபோது சேமித்த மல மாதிரி, எந்தச் செல் வளர்ப்பிலும் எதையும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. கபிக்கியன் அதை நோய்க்கு முந்தைய சீரத்தோடும் நோய்க்குப் பிந்தைய சீரத்தோடும் தனித்தனியே கலந்து, துகள்களின் மேல் படிந்த எதிர்ப்பொருளின் அடர்த்திக்குச் சுழி முதல் நான்கு வரை மதிப்பெண் போட்டு, 27 நானோமீட்டர் வைரஸ் ஒன்றை 1972இல் அடையாளம் காட்டினார். நோரோவைரஸ் என்று இன்று நாம் அழைப்பது அதைத்தான். மறு ஆண்டே ஸ்டீபன் ஃபைன்ஸ்டோன், ராபர்ட் பர்செல் ஆகியோருடன் அவர் ஹெப்படைடிஸ் ஏ வைரஸையும் அதே வழியில் பிடித்தார். அந்தக் கட்டுரைகளில் அல்மெய்டாவின் பெயர் ஆசிரியர் வரிசையில் இல்லை. முறையைக் கற்றுக்கொடுத்தவர் மேற்கோள் எண்ணாக மட்டும் நின்றுவிடுவது ஆய்வுலகில் புதிதல்ல. நுட்புநர்களாக இருப்பவர்களுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

1970களில் வெல்கம் ஆய்வகங்களுக்குச் சென்ற அல்மெய்டா, அங்கே தடுப்பூசிகளின் பக்கம் திரும்பினார். இன்ஃப்ளுயன்சா வைரஸின் மேற்பரப்புப் புரதங்களைப் பிரித்தெடுத்து, கொழுப்பாலான வெற்று உருண்டைகளின் மேல் பதித்து, தொற்றும் ஆற்றல் இல்லாத ஆனால் வைரஸ் போலவே தோன்றும் துகள்களை அவருடைய குழு 1975இல் உருவாக்கியது. வைரோசோம் என்று அவர்கள் பெயரிட்ட அந்த அமைப்பு, பிற்காலத்தில் சில தடுப்பூசிகளுக்கு அடிப்படையாயிற்று. உலக சுகாதார நிறுவனத்துக்காக விரைவாக வைரஸைக் கண்டறிவதற்கான கையேடு ஒன்றை 1979இல் எழுதினார்.

ஓய்வுக்குப் பிறகு கடலோர ஊரான பெக்ஸ்ஹில்லில், விரைவு வைரஸ் கண்டறிதலில் முன்னோடியும் அவருடைய இரண்டாம் கணவருமான பிலிப் கார்ட்னருடன் வாழ்ந்தார். யோகா பயிற்சி ஆசிரியரானார். உடைந்த பீங்கான் பாத்திரங்களைச் சீர்செய்யக் கற்றுக்கொண்டார். 1980களின் இறுதியில் ஹெச்ஐவி வைரஸைப் படமெடுக்க ஆலோசனை வேண்டியிருந்தபோது செயின்ட் தாமஸுக்குத் திரும்பிவந்து உதவினார். 2007 டிசம்பர் 1ஆம் தேதி, 77ஆம் வயதில், மாரடைப்பால் காலமானார்.

அவர் வளர்த்த முறைக்கு இன்று பெரிய சந்தை இல்லை. ஆன்டிஜெனையும் எதிர்ப்பொருளையும் நிறமாற்றத்தால் காட்டும் எலைசாவும், வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆரும் வந்த பிறகு, இவ்வளவு விலையுயர்ந்த கருவியையும் அதை இயக்கத் தெரிந்த ஆளையும் மருத்துவமனைகள் வைத்துக் காப்பாற்றுவதில்லை; நோயறியும் எலக்ட்ரான் நுண்ணோக்கி அறைகள் உலகெங்கும் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்தன. ஆனால் பிசிஆர் செய்ய வேண்டுமென்றால் எதைத் தேடுகிறோம் என்பது ஓரளவாவது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 2003இல் சார்ஸ் என்ற கடும் மூச்சுநோய் பரவியபோது அது தெரியவில்லை. பாராமிக்சோ வைரஸ், கிளமிடியா என்று ஆளுக்கொரு காரணியைச் சொல்லிக்கொண்டிருந்த வாரங்களில், அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் நோயாளியின் மாதிரியை வீரோ என்ற குரங்குச் சிறுநீரகச் செல்களில் வளர்த்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது. கொரோனா வைரஸின் அமைப்பு அங்கே அடையாளம் தெரிந்தது. அந்தக் குடும்பத்துக்குப் பொதுவான மரபுத் துணுக்குகளைக் கொண்டு பிசிஆர் செய்தபோது விடை உறுதியாயிற்று. 2003 மார்ச் 24ஆம் தேதி அந்த மையம் அதை உலகுக்கு அறிவித்தது.